அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரை

குசினியில் அப்பா சிரிக்கும் சத்தம் கேட்டது. அறைக்குள் கணக்குச் செய்துகொண்டிருந்த செலீனின் பென்சில் அப்படியே நின்றுவிட்டது.

அப்பாவுக்குத் துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி இறக்குகிற வேலை. வேலையால் வந்தால் சப்பாத்தைக் கழற்றவே பஞ்சிப்படுகிற மனுசன். அவரை இப்படிச் சிரிக்கவைப்பது யார் என்று செலீனுக்குத் தெரியும். மேல்வீட்டு றொஷினிதான்.

றொஷினிக்கு ஒன்பது வயது. அவளுடைய அம்மாவுக்குப் பின்னேர வேலை. அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் இங்கேதான் வருவாள். வந்தால் பாணும் ஜாமும் சாப்பிட்டுவிட்டு ரிவி பார்க்கலாம்தானே? பார்க்கமாட்டாள். அப்பாவோடு மேசையில் இருந்து பேஸ்போல் கதைப்பாள்.

"அங்கிள், இவர் போன வருசம் முப்பத்தொரு ஹோம் ரன் அடிச்சவர்."

"அடிச்சவர்தான். ஆனால் முழங்கால் சரியில்லை. குளிருக்கு ஓடமாட்டார், என்னைப்போல."

மறுபடியும் சிரிப்பு.

முந்தி அந்த மேசையில் அந்த இடத்தில் இருந்தது செலீன்.

அவர்களுடைய மாதா கோயிலில் ஒவ்வொரு வருசமும் பனி கரையத் தொடங்கியதும் பான்டசி பேஸ்போல் தொடங்கிவிடும். இதில் மட்டை பிடிக்கத் தேவையில்லை, பந்து எறியத் தேவையில்லை. உண்மையாக விளையாடுகிற வீரர்களின் பெயர்களைத் தெரிந்தெடுத்து, தாளில் ஓர் அணி அமைக்கவேண்டும். அந்த வீரர் மைதானத்தில் நன்றாக அடித்தால் இங்கே உங்களுக்குப் புள்ளி. ஓர் அணிக்கு ஒரு மேசை, இரண்டு கதிரை. ஒரு கதிரை பெரியவருக்கு, மற்றது ஒரு பிள்ளைக்கு.

ஏழு வயதிலும் எட்டு வயதிலும் செலீன் அந்தக் கதிரையில் இருந்தாள். ஒன்பது வயதில், "இது சின்னப்பிள்ளையளின்ர விளையாட்டு" என்று சொல்லிவிட்டு நீச்சலுக்குப் போய்விட்டாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருசம் றொஷினி ஏழு வயதைத் தொட்டதும் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

அப்பா அவளை வரச்சொல்லி அழுது கேட்டிருக்கலாம், கொஞ்சம் கெஞ்சியிருக்கலாம். அவர் ஒன்றும் சொல்லாமல் விட்டதுதான் செலீனுக்கு இன்னும் குத்திக்கொண்டிருந்தது.

அவள் எழுந்து குசினிக்குப் போனாள்.

"அப்பா, இந்த வருசம் நானும் பேஸ்போலுக்கு வாறன்."

அப்பாவின் முகம் மலர்ந்தது. உடனேயே, என்ன செய்வது என்று தெரியாத முகமாக மாறியது. "வாங்கோ அம்மாச்சி. ஆனால் கதிரை..."

"நான்தானே உங்கட மகள்" என்றாள் செலீன்.

றொஷினி அழிறப்பரைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள். "செலீனக்கா இருக்கட்டும் அங்கிள். நான் ஒரு பக்கத்தில நிண்டு பார்க்கிறன்."

அந்த நேரம் செலீனுக்கு வெட்கம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. ரொபி சாப்பிட்டதுபோல ஓர் இனிப்புத்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. கோயில் மண்டபத்தில் எட்டு மேசை போட்டிருந்தார்கள். தேத்தண்ணியும் ரோல்ஸும் ஒரு மூலையில். சுவரில் வீரர்களின் பெயர்கள் எழுதிய தாள்கள். பந்து எறிகிறவர்களுக்கு ஒரு தாள், அடிக்கிறவர்களுக்கு ஒரு தாள், பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிறவர்களுக்கு ஒரு தாள்.

பாட்டுக்குழு றொசானா அன்ரிதான் நடுவர். கையில் சின்ன மணி. "முறை வந்தால் ஒரு பேர் சொல்லவேணும். சொன்னால் சொன்னதுதான். பேந்து வந்து கெஞ்சக்கூடாது."

முதல் முறையே அப்பாவின் மேசைக்கு விழுந்தது. அப்பா தாளைப் பார்க்கக் குனிந்தார். செலீன் பொறுக்கவில்லை. தனக்கும் தெரியும் என்று றொஷினிக்குக் காட்டவேண்டும்.

"காஸ்பர் மொரேனோ" என்று எழும்பிச் சொன்னாள்.

எல்லோரும் சுவரில் அந்தப் பெயரைத் தேடினார்கள்.

"பிள்ளை, அவர் விளையாட்டை விட்டு இரண்டு வருசமெல்லோ" என்றார் பின்மேசையில் இருந்த எமிலியானுஸ் மாமா. "இப்ப ரிவியில சவர்க்கார விளம்பரத்தில நிக்கிறார்."

எல்லோரும் சிரித்தார்கள். மணி அடித்தது. "சொன்னால் சொன்னதுதான்" என்று றொசானா அன்ரி அந்தப் பெயரை எழுதினார். அவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

"பரவாயில்லை" என்று அப்பா செலீனின் முதுகில் தட்டினார். ஆனால் அவருடைய கண் ரோல்ஸ் மேசைப் பக்கம் போனது. அங்கே றொஷினி சுவரோடு சாய்ந்து நின்றாள். அவள் சிரிக்கவில்லை. இரண்டு விரலைக் காட்டி, இரண்டாவது முறைக்கு ஒரு பெயரைச் சத்தமில்லாமல் வாயசைத்துச் சொன்னாள். அப்பா விளங்கிக்கொண்டு தலையாட்டினார்.

செலீனுக்குக் காது சுட்டது. கதிரையில் இருப்பது அவள். அப்பா கதைப்பதோ அங்கே நிற்கிறவளோடு.

இரண்டாவது முறையும் அப்படித்தான். மூன்றாவது முறையும் அப்படித்தான்.

அப்போதுதான் றொஷினி நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்த கொப்பியைச் செலீன் பார்த்தாள். மூலையெல்லாம் சுருண்ட நீலக் கொப்பி. குளிர்காலம் முழுக்க, ஒவ்வொரு பின்னேரமும், அதில் அவள் பெயர் பெயராக எழுதியதைச் செலீன் அறை வாசலில் நின்று எரிச்சலோடு பார்த்திருக்கிறாள். தானோ ஒரு வரியும் எழுதவில்லை.

பின்மேசையில் எமிலியானுஸ் மாமா தாளைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகள் நிரஞ்சனி படிக்க ஒட்டாவாவுக்குப் போய்விட்டாள். பக்கத்துக் கதிரையில் அவருடைய தொப்பிதான் இருந்தது.

செலீன் எழும்பினாள். நேரே றொஷினியிடம் போனாள்.

"நீ போய் இரு."

"நீங்கள் அக்கா?"

"நீதானே குளிர் முழுக்க எழுதினனீ. போ, முறை வரப்போகுது."

றொஷினி ஓடியே போய்விட்டாள். கொஞ்சம் மெதுவாகப் போயிருக்கலாம் என்று செலீனுக்குத் தோன்றியது.

"எங்க போறீங்கள்?" என்று அப்பா கேட்டார்.

செலீன் பின்மேசைக்குப் போனாள். "மாமா, உங்களுக்கு ஆள் வேணுமோ?"

எமிலியானுஸ் மாமா அவளை மேலும் கீழும் பார்த்தார். "உன்ர சவர்க்காரக்காரனையும் கூட்டிக்கொண்டு வாறியோ?"

"இல்லை. அவரை அப்பாவோட விட்டிட்டு வந்திட்டன்."

மாமா தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். "அப்ப இரு."

"இது ஏலுமோ?" என்று யாரோ கேட்டார்கள். "ஒரு கதிரையில ஒரு பிள்ளை. எல்லாம் சரிதான்" என்றார் றொசானா அன்ரி.

இங்கே இருந்து பார்த்தால் அப்பாவின் முழு முகமும் தெரிந்தது. பக்கத்தில் இருந்தபோது காதுதான் தெரிந்தது.

செலீன் பார்த்தாள். அப்பா எறிகிறவர்களின் தாளைப் பார்த்தார். அடிக்கிறவர்களின் தாளைப் பார்த்தார். வெளியே போகிற வாசலைக்கூடப் பார்த்தார். மூன்றாவது தாளை மட்டும் திரும்பியும் பார்க்கவில்லை.

செலீனுக்கு மீன்கடை ஞாபகம் வந்தது. சனிக்கிழமைகளில் அப்பா எல்லா மீனின் செவுளையும் தூக்கிப் பார்ப்பார். விருப்பமான மீனை மட்டும் கண்ணெடுத்தும் பார்க்கமாட்டார். பார்த்தால் பக்கத்தில் நிற்கிற ஆள் அதை வாங்கிவிடுவாராம். கடைசியில் போகிற போக்கில், "சரி, அதையும் போடுங்கோ" என்பார்.

"மாமா, பந்து பிடிக்கிறவைக்குள்ள மிச்சம் இருக்கிற கெட்டிக்காரன் ஆர்?"

மாமா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "தெயோ பிரிகார். ஏன்?"

மணி அடித்தது. மாமாவின் முறை.

"தெயோ பிரிகார்" என்றாள் செலீன்.

றொஷினியின் பென்சில் கீழே விழுந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"நீங்கள்தான்."

"நான் வாயே திறக்கேல்லையே."

"ஓம். பார்க்கவும் இல்லை."

அப்பா கண்ணாடியைத் திரும்பப் போட்டு அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, எமிலியானுஸ் மாமாவும் சேர்ந்து சிரிக்கும்வரை சிரித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் பெயர் சொல்ல முன்னர் அவர் பின்மேசையை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

லாசாலில் இருக்கிற வீட்டுக்குத் திரும்பும்போது கார் முழுக்க அதே கதைதான்.

"நான் அந்தத் தாள் பக்கம் திரும்பினனானோ?"

"இல்லை அப்பா."

"அப்ப எப்பிடி?"

"சொல்லமாட்டன். நாங்கள் இப்ப எதிர்ப்பக்கம்."

பின் ஆசனத்தில் செலீனுக்குப் பக்கத்தில் இருந்த றொஷினி கன்னத்தை ஊதிவைத்திருந்தாள். "அங்கிள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தவர். நான் சொன்ன இரண்டு பேரை எடுக்கவேயில்லை."

அந்தக் குரல் எங்கே இருந்து வருகிறது என்று செலீனுக்கு நன்றாகத் தெரியும். அவள் கொஞ்சம் கிட்ட நகர்ந்து, றொஷினியின் காதுக்குள் மெதுவாகச் சொன்னாள். "நாளைக்குப் பின்னேரம் நானும் மேசைக்கு வாறன். உன்ர கொப்பியைப் பார்க்கமாட்டன். நீயும் என்ரயைப் பார்க்கக்கூடாது."

"உங்களிட்ட கொப்பியே இல்லையே."

"நாளைக்கு வாங்குவன்."

றொஷினியின் கன்னம் கொஞ்சம் வற்றியது.

"என்ன இரகசியம் அங்க?" என்றார் அப்பா.

செலீன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். சந்தியில் பச்சை விழுந்தது. அப்பா காரை எடுக்கவில்லை. பின்பக்கம் பார்க்கிற கார்க் கண்ணாடியில் மகளின் முகத்தையே படித்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற கார் இரண்டு தரம் ஹோர்ன் அடித்த பிறகுதான் வீடு போகும் ஞாபகம் அவருக்கு வந்தது.