வேண்டுமென்றே தவறாக எழுதிய தேர்வு

அன்று காலையும் ஃபிலோமினா மருமகளிடம் பேசவில்லை. அடுப்பில் பொரிந்துகொண்டிருந்த தொத்திறைச்சியிடம்தான் பேசினாள். சமையலறை ஜன்னல் திரையைக்கூடத் திறக்க விடாத ஒருத்தி வந்து வாய்த்தாளே, பிள்ளை எப்படி உருப்படுவான் என்று அதனிடம் கேட்டாள். டாரா காதில் வாங்கிக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

அமெரிக்காவின் ஃபால் ரிவர் ஊரில், போர்த்துகீசியர் வாழும் தெருக்களிலிருந்து பெரிய கால்பந்து லீக்குக்குப் போனவன் ஃபிலோமினாவின் மகன் நெல்சன். நடுக்கள ஆட்டக்காரன். அந்த லீக்கில் ஆட்டக்காரனின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. அணிகள் தங்களுக்குள் பேசி ஆளை மாற்றிக்கொள்ளும். காலையில் போன் வந்தால் மறுநாள் அவன் வேறு நகரத்தில் பயிற்சிக்கு நிற்பான். வீட்டைக் காலி செய்வது டாராவின் வேலை. நர்சிங் படிப்பை இரண்டு ஊர்களில் தொடங்கி, இரண்டிலும் பாதியில் விட்டாள்.

போன வருடம் ஒப்பந்தம் முடிந்தது. யாரும் புதுப்பிக்கவில்லை. ஊர் சுற்றி அலுத்துப்போன மனைவிதான் ஆட்டத்தை விடச் சொன்னாள் என்று நெல்சன் அம்மாவிடம் சொன்னான். டாரா மறுக்கவில்லை. மறுக்காதே என்று அவன்தான் கெஞ்சியிருந்தான்.

இப்போது பக்கத்து மாநிலத்துச் சின்ன அணி ஒன்று கூப்பிட்டிருந்தது. மதியம் மருத்துவப் பரிசோதனை. நெல்சன் விடிந்ததிலிருந்து கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தான். கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடினான்.

டாரா ஈரக் கையோடேயே அவன் முன்னால் போய் நின்றாள்.

"டாக்டர் கேட்டா உண்மையச் சொல்லு, நெல்சன். அது போதும் எனக்கு."

"இப்ப எதுக்கு இந்தப் பேச்சு?"

"இந்த வாட்டி நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. நீ சொல்லணும். இல்லேன்னா... நான் இங்க இருந்து பாக்க மாட்டேன். என் அக்கா வீட்டுக்குப் போறேன்."

ஃபிலோமினா அடுப்பை அணைத்தாள். "போகட்டும் விடுடா. பிடிச்ச சனியன் விட்டுச்சுன்னு நினைச்சுக்க," என்றாள். பிறகு, எதுவோ உறைக்க, திரும்பினாள். "என்ன உண்மை?"

நெல்சன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஒரு பரீட்சை இருக்கும்மா," என்றான். "சீசன் ஆரம்பத்துல, கம்ப்யூட்டர்ல. ஞாபகம், கவனம் எல்லாம் பாப்பாங்க. அப்புறம் தலையில அடிபட்டா அதே பரீட்சையத் திரும்ப வெச்சு, மார்க் குறைஞ்சிருக்கான்னு பாப்பாங்க. நான் முதல்லயே வேணும்னு தப்பா எழுதினேன். நிறைய பேர் அப்படித்தான். அப்ப அடிபட்டாலும் மார்க் குறைஞ்ச மாதிரி தெரியாது, வெளிய உக்கார வெக்க மாட்டாங்க இல்ல."

ஒரு ஆட்டத்தில் நெல்சனின் மண்டை இன்னொருவன் மண்டையோடு மோதியது. அதை ஃபிலோமினா டி.வி.யில் பார்த்திருந்தாள். எழுந்து ஆடினானே என்று தெருவெல்லாம் பெருமை பேசியிருந்தாள். அந்தப் பரீட்சையில் தேறி மறு வாரமும் ஆடினான், மறுபடி அடி வாங்கினான். அன்று வீட்டுக்கு வந்தவனுக்கு வாசல் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியவில்லை. டாராதான் அணி டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி அவனை நிறுத்தினாள். வெளிச்சம் பட்டால் இன்னும் அவனுக்குத் தலை பிளக்கிறது. திரை மூடியிருப்பது அதனால்தான்.

ஃபிலோமினா மகனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவன் கையிலிருந்த சாவியை எடுத்தாள், பிடுங்கவில்லை, எடுத்தாள். மேசைமேல் கிடந்த அவன் போனை நீட்டி, அந்தச் சின்ன அணியின் பயிற்சியாளரைக் கூப்பிடு என்றாள்.

"அம்மா, நானே பேசிக்கிறேன்."

"நீ பேசினதெல்லாம் போதும்."

அவன் எண்ணை அழுத்தியதும் போனை அவளே வாங்கிக்கொண்டாள். மறுமுனையில் குரல் கேட்டதும் நிமிர்ந்து நின்றாள்.

"நெல்சனோட அம்மா பேசறேன். அவன் வரமாட்டான். தலையில அடிபட்டிருக்கு, இனிமே ஆடக்கூடாது... இல்ல சார், நிறுத்தினது அவன் பெண்டாட்டி இல்ல. நான்தான் நிறுத்தினேன். யார் கேட்டாலும் அவங்கம்மா நிறுத்திட்டாங்கன்னு சொல்லுங்க."

போனை வைத்தாள். நெல்சன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டிருந்தான். அவனிடம் அவள் போகவில்லை. டாராவிடம் வந்தாள். அவளது ஈரக் கைகளைப் பிடித்துத் தன் சமையல் மேலங்கியில் துடைத்துவிட்டாள். இரண்டு கைகளையும், விரல் விரலாக.

"இவ்வளவு நாளா ஏண்டி வாயத் திறக்கல?" என்றாள்.

அப்போதுதான் டாரா அழுதாள்.