இடம் விட்டு உட்கார்ந்தவள்

தொண்ணூறாம் வருஷம், காப்பிப் பழம் பறிக்கிற பருவத்தில், கிளியூர்ப் பக்கத்து எஸ்டேட்டுக்குத் தவமணி வந்து சேர்ந்தாள். சிலோன் அகதி. மன்னாரில் படகேறி வந்தவள். எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் சேகர் அவளைத் தொழிலாளர் லைன் வீட்டில் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுப் பாவாயியிடம் சொன்னார்: "கொஞ்சம் பாத்துக்கோங்க. இந்தப் புள்ள அழவும் மாட்டேங்குது, பேசவும் மாட்டேங்குது."

வேலையில் குறையில்லை. கஞ்சி கொடுத்தால் குடிப்பாள். முள் கிழித்து ரத்தம் வழிந்தாலும் குனிந்து பார்க்க மாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. பாவாயி களி கொண்டு போனாள். கதவு திறந்திருந்தது. வெறும் அறை. அவ்வளவு இடம் கிடக்க, தவமணி மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரோடு ஒடுங்கியிருந்தாள்.

"ஏங் கண்ணு, இத்தன எடம் கெடக்குதே. நடுவால வந்து உக்காரு."

"ஏலாது அக்கா. சனம் இருக்குது."

"யாரு?"

"படகில வந்த ஆக்கள். தங்கச்சி என்ர மடியில படுத்திருந்தவள். படகு கவிழ்ந்திட்டுது. நான் மட்டும் கரையில கிடந்தனான்."

யாருக்கோ வழி சொல்வதுபோலச் சொன்னாள்.

அறையில் மீன்வாடை அடித்தது. மண்ணெண்ணெய் வாடையும்.

பிறகு, மூச்சு.

ஒருத்தி விடுகிற மூச்சில்லை.

பாவாயி அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "என்ற ஊட்டுக்கு வந்துரு சாமி."

சேலம் ஆஸ்பத்திரியில் டாக்டர் மாத்திரை எழுதினார். "மனசுல நொம்ப அடி வாங்கியிருக்குதும்மா. தனியா விடாதீங்க" என்றார். பாவாயி தன் பக்கத்திலேயே பாய் போட்டாள். பல வாரம் சுருண்டே கிடந்த தவமணி, ஒரு விடிகாலை கால்களை நீட்டித் தூங்கினாள். எழுந்ததும் தங்கச்சி பெயரைச் சொல்லி, குரலெடுத்து அழுதாள். பாவாயி அவளை அழவிட்டாள்.

தவமணி இருந்த லைன் வீடு பூட்டிக் கிடந்தது. அவள் கம்பளி மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. குளிர் ஏறவே, பாவாயி அதை எடுத்து வரப் போனாள்.

பகல்தான். ஜன்னலில் பனி.

அறையின் நடுவில் கால் வைத்தாள். சுற்றிலும் அதே மூச்சு.

முழங்காலுக்குப் பக்கத்தில், சிறு பெண்ணின் குரல் கிசுகிசுத்தது:

"அக்கா, கரை வந்திட்டுதோ?"

பாவாயி குனிந்து பார்த்தாள்; யாருமில்லை.

பதிலுக்குக் காத்திருப்பதுபோல் அந்த மூச்சுகளெல்லாம் அடங்கின.

அவள் காலடியில் சிமெண்ட் தரை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது.