கலினா தலையாட்டும் வரை

கலினாவின் அப்பா வித்தோல்டுக்குக் கோபம் வந்தால் பக்கத்து ஊரில் பால் பொங்கும். அன்று வந்த கோபத்துக்குப் போலந்து முழுவதும் பொங்கியிருக்கும்.

அந்த கேஸ் பங்கில் இருந்தது ஒரே ஒரு குழாய். படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்த அவர்களுடைய வீட்டுவண்டியில் கேஸ் நிரப்பும் வாய் இடப்பக்கம். அப்பா வலப்பக்கத்தைக் காட்டி நிறுத்திவிட்டார். யானை போன்ற வண்டியை அவர் ஒரு வட்டம் அடித்துத் திருப்பிக்கொண்டு வருவதற்குள், பூ ஏற்றிய வேன் ஒன்று சர்ரென்று நுழைந்து மூக்கோடு மூக்காக நின்றது.

வேனிலிருந்து லெஷெக் என்ற மீசைக்காரர் இறங்கினார். அப்பாவும் இறங்கினார். இரண்டு வண்டிகளும் அணைந்தன. சண்டை பற்றிக்கொண்டது.

கல்யாணத்துக்குப் பூ கொண்டுபோவதாக லெஷெக் சொன்னார். கடற்கரையில் மனைவி காத்திருப்பதாக அப்பா சொன்னார். அதற்குப் பிறகு அவர்கள் சொன்னது எதுவும் எழுதக்கூடியது அல்ல. இவர் அவருடைய மீசையை இழுத்தார், பேச்சில்தான். அவர் இவருடைய தொப்பைக்குப் போனார். பின்னால் நின்ற கார்களெல்லாம் ஹாரன் அடித்தன. பால்டிக் கடலில் மீன்கள்கூடக் காதைப் பொத்திக்கொண்டிருக்கும், மீனுக்குக் காது இருந்தால்.

பத்து வயது கலினாவுக்கும் கோபம்தான். வாய் இடப்பக்கம் இருக்கிறது என்று அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள். "பெரியவங்க வேலையில தலையிடாதே" என்பதுதான் பதில். காலையிலிருந்து எதைச் சொன்னாலும் அதே பதில். உர்ரென்று அவள் வண்டியை விட்டு இறங்கியதும், சண்டைக்கு நடுவிலும் அப்பா கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்து நின்று தரையை உதைத்துக்கொண்டிருந்தாள் கலினா. வெகுநேரம் உதைத்தாள். அப்போது முதுகுக்குப் பின்னால் டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். திரும்பினால், உள்ளே இருக்கும் ஃப்ரிட்ஜுக்குக் காற்றுப் போக வண்டியின் வெளிப்பக்கம் வைத்திருந்த கம்பிகள். கொஞ்ச நேரத்தில் அவற்றிலிருந்து இளஞ்சூடாகக் காற்று வந்தது.

பயணம் கிளம்பிய அன்று அப்பாவே பெருமையாக விளக்கியிருந்தார். வண்டி ஓடும்போது ஃப்ரிட்ஜ் மின்சாரத்தில் ஓடும். வண்டி நின்றால் கேஸுக்கு மாறி, தானே ஒரு சுடரை ஏற்றிக்கொள்ளும். ஆனால் உடனே ஏற்றாது, கால் மணி நேரம் பொறுக்கும். பங்கில் நிற்கும்போது நெருப்பு இருக்கக் கூடாது என்பதற்காக அப்படி. பங்கில் அதற்கு மேல் யாரும் நிற்க மாட்டார்கள் என்று அதைச் செய்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். அவர்கள் வித்தோல்டைப் பார்த்ததில்லை.

"அப்பா, ஃப்ரிட்ஜ்..." என்று கத்தினாள். ஹாரன் சத்தம் அதை விழுங்கிவிட்டது. சண்டையில் வென்றுவிட்ட தோரணையில் அப்பா ஒரு கையில் குழாயும் மறு கையில் பித்தளை அடாப்டருமாக வந்தார். அதை மாட்டாமல் கேஸ் ஏறாது.

கலினா அடாப்டரைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

அப்பாவும் லெஷெக்கும் முதன்முறையாக ஒரே கட்சியில் சேர்ந்தார்கள். இரண்டு பேரும் அவளைப் பார்த்துக் கர்ஜித்தார்கள். அவள் சாக்கடைக் கம்பிக்கு மேல் அடாப்டரை நீட்டியபடி நின்றாள்.

"சாவியைக் குடுங்க. இல்லேன்னா உள்ளே போட்டுருவேன்."

"என்ன திமிர்டி உனக்கு."

"திமிர்தான். நீங்க சண்டை போட்ட நேரத்துல ஃப்ரிட்ஜ் தானா பத்திக்கிச்சுப்பா. போய்த் தொட்டுப் பாருங்க."

அப்பா போய்த் தொட்டார். தக்காளி நிறத்தில் இருந்த முகம் தயிர் நிறமானது. குழாயை மெதுவாக அதன் இடத்தில் மாட்டிவிட்டுச் சாவியை நீட்டினார். கலினா உள்ளே போய் ஃப்ரிட்ஜை அணைத்தாள். வெளியே வந்தபோதும் அவள் கோபம் அணையவில்லை.

"இது ஆறட்டும். அதுவரைக்கும் பூக்காரர் கேஸ் அடிச்சுக்கட்டும். கல்யாணப் பூ வாடிடும்" என்றாள்.

அடுத்த வசவுக்காகத் திறந்திருந்த லெஷெக்கின் வாய் சும்மாவே மூடிக்கொண்டது. அவர் வேனைக் குழாய் எட்டும்படி ஒதுக்கி நிறுத்தி நிரப்பிக்கொண்டார். கிளம்பும்போது ஒரு சூரியகாந்தியை உருவி அவளிடம் தந்தார்.

"மணப்பொண்ணுக்கு ஒண்ணு குறைஞ்சா தெரியாது பாப்பா. உங்கப்பாவைப் பத்திரமாப் பார்த்துக்கோ."

இப்போது அப்பாவின் முறை. அவர் கலினாவிடமிருந்து அடாப்டரை வாங்கித் திருகிவிட்டு, குழாயும் கையுமாக நின்றார்.

"ஆரம்பிக்கலாமா?"

கலினா அவசரப்படவில்லை. கம்பிகளைத் தொட்டாள். காதை வைத்துக் கேட்டாள். சூரியகாந்தியை ஒருமுறை மோந்து பார்த்தாள். பின்னால் ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. பிறகு ஒரு சின்னத் தலையாட்டல்.

கேஸ் ஏறியது. தொட்டியில் ஐந்தில் நான்கு பங்கு நிறைந்ததும் அதுவாகவே நின்றது. மிச்ச இடம், வெயிலில் கேஸ் விரிவதற்கு. அப்பாவின் கட்டைவிரல், இன்னும் கொஞ்சம் ஏற்றினால் என்ன என்று கேஸ் ஏற்றும் பொத்தானை நோக்கி நகர்ந்தது.

கலினா பார்த்தாள், அவ்வளவுதான்.

கட்டைவிரல் சமர்த்தாகச் சட்டைப்பைக்குள் போய்விட்டது.