சத்தம் போடாத ஒன்று

சாயா கொதித்து, இறக்கி, ஆற்றியும் ஆயிற்று. ஜெபிஷ் இன்னும் கூப்பிடவில்லை.

அஜிஷா வடிகட்டியைக் கையில் வைத்தபடி அடுக்களையில் நின்றாள். ஓட்டின் மேல் மழை விழும் சத்தம், பின்னால் ரப்பர் மரங்களில் இலைக்கு இலை நீர் சொட்டும் சத்தம், ஃபிரிட்ஜ் முனகி முனகி ஓய்கிற சத்தம் என்று வீட்டுக்குள் இத்தனை சத்தங்கள் இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு வருடமாக இவை எல்லாவற்றின் மேலும் அண்ணனின் குரல் கிடந்தது.

தக்கலையில் பைக்கோடு லாரிக்கு அடியில் போனவன் ஜெபிஷ். உயிர் மிஞ்சியது, பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. 'அஜி'. பசித்தாலும் அஜி, வயிறு நிறைந்தாலும் அஜி, படுக்கை நனைந்தாலும் அஜி. தொண்டையின் அடியிலிருந்து குரைப்பதைப் போல அது வரும். விடியும்போது தொடங்கினால் விளக்கு வைத்த பிறகும் ஓயாது. குலசேகரத்துக்கு வெளியே, அப்பா விட்டுப்போன ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வீடு இருந்ததால் அக்கம்பக்கத்தார் யாரும் சண்டைக்கு வரவில்லை, அவ்வளவுதான். பகலில் ராஜபாய் வந்து பார்த்துக்கொள்வாள். அஜிஷா பி.எட். கல்லூரியில் பாடம் நடத்திவிட்டுத் திரும்புகிறபோது, பஸ் நிறுத்தத்தில் இறங்கும்போதே தன் பெயர் மரங்களுக்கு நடுவே கேட்கும். கால்கள் அங்கேயே சற்று நின்றுவிடும்.

சின்ன வயதில் இதே அண்ணன்தான் திருவனந்தபுரம் நடைபாதைக் கடைகளிலிருந்து டிராகன் கதைகளும் மந்திரவாதிக் கதைகளும் வாங்கிவந்து, கரண்ட் போன சாயங்காலங்களில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவளுக்கு வாசித்துக் காட்டியவன். அவன் பேச்சு போன பிறகு அந்தப் புத்தகங்களைப் பற்றிப் பேச ஆள் வேண்டும் என்றுதான் அவள் 'ஏழாங்கடல்' குழுவைத் தொடங்கினாள். மாயக் கதை வாசிக்கிறவர்கள் முப்பது நாற்பது பேர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாய்ஸ் சாட். நாகர்கோவிலில் ஓய்வுபெற்று இருக்கும் விக்டோரியா டீச்சரும் அபுதாபியில் வேலை பார்க்கும் சுபினும் தவறாமல் வருவார்கள். புதிய புத்தகம், பிள்ளைகளை எப்படிப் படிப்பிப்பது, மந்திரத்தால் ஒருவன் மனதை மாற்றுவது நியாயமா என்றெல்லாம் பேசி, கடைசியில் ஏதாவது கிறுக்கு விளையாட்டில் வந்து முடிப்பார்கள். அமைதியாக இருக்கிற வகுப்பறையைச் சந்தேகப்பட வேண்டும் என்று அஜிஷா ஒருமுறை அங்கே பேசியதை எல்லோரும் பாராட்டினார்கள். பேசிக்கொண்டிருந்தபோதே பக்கத்து அறையில் ஜெபிஷ் கூப்பிட்டான். என்ன சத்தம் என்று சுபின் கேட்டான். எங்கள் வீட்டு நாய் என்று சொல்லிவிட்டாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சொன்ன பிறகு மாற்றிச் சொல்ல நா எழவில்லை. அன்றிலிருந்து குழுவில் எல்லோரும் நாயை விசாரிப்பார்கள்.

ஜெபிஷ் கூப்பிடாமல் சாயா ஆறிய அன்றும், மத்தியானம் நாயை விசாரித்தார்கள். பேச்சு பழைய கதைகளில் வரும் மாற்றுக் குழந்தைகளைப் பற்றிப் போனது. ஓயாமல் அழுகிற பிள்ளையைக் காட்டுக் குள்ளர்கள் தொட்டிலிலிருந்து எடுத்துக்கொண்டு, அதே முகத்தில் சமர்த்தாய் ஒன்றை வைத்துவிட்டுப் போவார்கள். அது தன் பிள்ளை இல்லை என்று தெரிந்தும் தேடிப் போகாத தாய் பாவம் செய்தவளா என்று விக்டோரியா டீச்சர் கேட்டார். அஜிஷா அந்தத் தாய்க்காக வாதாடினாள். அவள் எத்தனை நாள் தூங்காமல் கிடந்தாள் என்று கதை சொன்னவன் கணக்கு வைத்தானா என்று கேட்டாள். அவள் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். சுபின்தான் சிரித்து, விளையாடலாம் என்றான்.

விளையாட்டுக்கு மாற்றுச் சந்தை என்று பெயர். வீட்டில் வேண்டாத ஒன்றைக் கொடுத்து வேண்டியதைக் கேட்க வேண்டும். அந்த வாரம் புதிதாகச் சேர்ந்திருந்த ஒருவர், படத்துக்குப் பதில் வெறும் கறுப்பு வட்டம் வைத்திருந்தவர், வியாபாரியாக இருக்க ஒத்துக்கொண்டார். சுபின் அறைத்தோழனின் குறட்டையைக் கொடுத்து அம்மா வைக்கும் மீன்குழம்பைக் கேட்டான். டீச்சர் எதிர்வீட்டில் ஓடும் டிரில் மெஷினைக் கொடுத்து, வட்டக்கோட்டை மதில்மேல் கடலைப் பார்த்து ஒரு நாற்காலி கேட்டார். ஒவ்வொன்றுக்கும் வியாபாரி 'சரி' என்று மட்டும் எழுதினார்.

பக்கத்து அறையில் அஜி, அஜி என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அஜிஷா எழுதினாள்: 'எங்க வீட்டு நாயைத் தாறேன். அதே மாதிரி ஒண்ணு போதும். சத்தம் மட்டும் போடக் கூடாது.'

'நாய்க்குப் பேர்?' என்று வந்தது.

அவள் அறை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு 'ஜெபிஷ்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டு அனுப்பினாள்.

'சரி.'

இப்போது சாயாவை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். ஜெபிஷ் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். தலையணை அண்டக் கொடுக்காமல், முதுகு நேராக, இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்து. அவளைப் பார்த்துச் சிரித்தான். டம்ளரை வாங்கி ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் குடித்தான். அவள் துணி மாற்றக் குனிந்தபோது படுக்கை உலர்ந்திருந்தது. அறையில் மூத்திர வாடை இல்லை. டெட்டால் வாடையும் இல்லை. மழை பெய்து முடிந்த பாறையின் வாடை இருந்தது.

கூப்பிடட்டும் என்று சற்று நேரம் நின்று பார்த்தாள். கூப்பிடவில்லை. அன்று அவள் விடியும்வரை தூங்கினாள்.

மறுநாள் காலையில் அவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ராஜபாய் அவளை அழைத்தாள். அந்தக் குரலில் இருந்த பதற்றத்துக்கு அஜிஷா ஓடியிருக்க வேண்டும், மெதுவாகத்தான் போனாள்.

"ஏட்டி, இவன் முதுகைப் பாரு. சனிக்கிழமை நான் மருந்து வச்ச புண்ணு எங்க?"

படுக்கைப் புண் இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது. தலையில் தையல் போட்ட தடமும் இல்லை. ஆறியிருக்கும் அக்கா என்று அஜிஷா சொன்னாள். ராஜபாய் அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பனிக்கட்டியைத் தொட்டவள்போலக் கையை உதறி, சேலையில் துடைத்தாள்.

"எத்தனையோ சவத்தைக் குளிப்பாட்டியிருக்கேன் மக்களே. ஒண்ணுகூட இந்தத் தணுப்பு தணுத்தது இல்ல."

அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தபடி ஈரத்தோடு நின்றான். ராஜபாய் வாசல் தாண்டி ஒழுங்கைப் பாதையில் இறங்கினாள். அங்கே நின்று, இது நம்ம ஜெபிஷ் இல்ல, நம்ம பிள்ளை எங்கேன்னு தேடு என்றாள். அஜிஷா அவளைத் திட்டினாள். இரண்டு வருடம் தன்னோடு பாடுபட்டவளை, இனி வர வேண்டாம் என்றும் சொன்னாள். சொல்லும்போது ராஜபாயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த வாரம் ஊரே அவளுக்காகச் சந்தோஷப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை சபையில், படுத்த படுக்கையாயிருந்த ஜெபிஷ் எழுந்து நடந்ததற்காக ஸ்தோத்திரம் ஏறெடுத்தார்கள். எல்லோரும் ஆமென் சொன்னபோது அவள் வாய் ஒட்டிக்கொண்டது. தருகிற சோற்றையெல்லாம் அவன் சாப்பிட்டான். அது எங்கே போகிறது என்று அவள் யோசிக்கவில்லை. அவன் தூங்குவதே இல்லை. அவள் அறைப் பக்கத்துச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அதையும் அவள் யோசிக்கவில்லை. தடித்த புத்தகம் ஒன்றை வாசித்து முடித்தாள். முடித்து மூடியபோது அழுகை வந்தது. அவன் எழுந்துவந்து, அவள் அழுவதைக் குனிந்து உற்றுப் பார்த்தான்.

சபையிலிருந்து வந்த மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. பகலிலேயே வீடு இருண்டது. ரப்பர் ஷீட்டுகளைப் புகை போடும் அறையிலிருந்து புளித்த வாடை அடித்தது. வாய்ஸ் சாட்டுக்குள் நுழைந்தபோது இந்த முறை கதவைச் சாத்த வேண்டியிருக்கவில்லை. அவன் எதிரே நாற்காலியில் இருந்தான். கை தொடையில். சிரிப்பு.

பேச்சு தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் சுபின் சிரித்தான். நாய் இன்னும் கத்துதே அக்கா, விற்ற சரக்கு திரும்பி வந்துட்டா என்று கேட்டான்.

வீட்டில் மழைச் சத்தம் மட்டும்தான் இருந்தது. அவள் போன் ஸ்பீக்கரை அணைத்து ஹெட்போனைக் காதில் மாட்டினாள்.

கேட்டது.

மிகத் தொலைவில். பெரிய வெறும் இடத்தில், கல்லில் பட்டு எதிரொலித்து. நீர் சொட்டும் சத்தத்துக்கு அப்பால்.

"மக்கா, இது நாய் இல்ல," என்றார் விக்டோரியா டீச்சர். "யாரோ உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகாங்க."

அவள் திரையைப் பார்த்தாள். யார் பேசுகிறார்களோ அவர்கள் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் எரியும். அவள் படத்தைச் சுற்றி எரியவில்லை. கறுப்பு வட்டத்தைச் சுற்றி எரிந்தது. அஜி என்றபோது எரிந்தது. அணைந்தது. அஜி. எரிந்தது.

கீழே எழுத்து வந்தது.

'இது நாய் இல்லை. நீங்கள் பொய் சொல்லியிருக்கிறீர்கள். இதன் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. திருப்பி எடுத்துக்கொள்கிறீர்களா?'

ஆம் என்று எழுதினால் போதும். இரண்டு எழுத்து. அவளுக்குத் தெரியும். விரல் திரைமேல் நின்றது. குரல் கட்டிப்போயிருந்தது அவனுக்கு. ஒரு வாரமாகக் கூப்பிட்டிருக்கிறான். இருட்டில். யாரும் தண்ணீர் கொடுத்திருக்க மாட்டார்கள். யாரும் புரட்டிப் படுக்க வைத்திருக்க மாட்டார்கள்.

தூங்கிய தூக்கம் நினைவுக்கு வந்தது.

குழுவின் அட்மின் அவள்தான். கறுப்பு வட்டத்தைத் தொட்டாள். நீக்கு என்பதை அழுத்தினாள்.

பச்சை அணைந்தது. அப்பாடா, சத்தம் நின்றது என்றான் சுபின். பக்கத்து வீட்டு டிவி என்று அவள் சொன்னாள். ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

எதிரே நாற்காலி இழுபட்டது.

அவன் கிட்டே வந்து உட்கார்ந்தான். முழங்காலோடு முழங்கால் இடித்தது. தணுப்பு. அந்த முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு இல்லை. வாயைத் திறந்தான். மெதுவாக. இன்னும். இன்னும். சத்தம் வரவில்லை. பாறை வாடை வந்தது. உள்ளே நாக்குக்குப் பின்னால் இருட்டு போய்க்கொண்டே இருந்தது. அவள் குனிந்தாள்.

உள்ளே நீர் சொட்டியது.

ஏதோ உரசியது. தவழ்ந்து. ஏறி. மூச்சிரைத்து.

கீழ்ப்பல் வரிசைமேல் நான்கு விரல்கள் வந்து பற்றின. உள்ளேயிருந்து. சேறு அப்பிய விரல்கள். ஒரு வாரமாக யாரும் வெட்டிவிடாத நகங்கள். சனிக்கிழமை தோறும் அவள்தான் வெட்டிவிடுவாள்.

விரல்கள் இறுகின. எழும்பப் பார்த்தன.

அஜிஷா தன் உள்ளங்கையை அந்தத் தாடைக்கு அடியில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். குழந்தைக்குச் செய்வதுபோல, மெல்ல, மெல்ல மேலே தள்ளி அந்த வாயை மூடினாள். பற்களுக்கு நடுவே விரலெலும்பு நெரிந்தது. மூடிய உதடுகளின்மேல் இன்னொரு கையையும் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.