இரண்டு இழுப்பு

டிவியோடு இணைத்த விளையாட்டுப் பலகையில் ஏறி நின்றதும் திரையில் எடை காட்டும். ஜாய்சனுக்கு எப்போதும் அறுபத்திரண்டு கிலோ. அன்றைக்கு மத்தியானம் நூற்றிருபத்தொன்பது காட்டியது. சனியன் கெட்டுப்போச்சு என்று இறங்கி ஏறினான். மறுபடியும் அதே எண்.

சின்னப்பிள்ளை விளையாட்டுதான். பலகையில் இவன் சாய்கிற பக்கம் திரையில் ஒரு படகு சாயும். கவிழாமல் நிறுத்த வேண்டும். காது உடைந்து, தலை சுற்றி, நாலு எட்டு வைப்பதற்குள் விழுகிறவனுக்கு நிலை திரும்ப இதுதான் பயிற்சி என்று பிசியோதெரபி ஜெயபிரியா கொடுத்தனுப்பியிருந்தாள். பிடித்துக்கொள்ள ஜன்னல் கம்பியில் ஒரு கயிறும் கட்டச் சொன்னாள். தங்கச்சி ஜெயஷீலா கட்டினாள். வீட்டில் இருந்தது ஒரே கயிறு. அவள் புருஷன் இன்னாசி சங்கு குளிக்க இறங்கும்போது இடுப்பில் கட்டியது. வேண்டாம் என்று சொல்ல ஜாய்சனுக்கு வாய் வரவில்லை. ஏன் என்று கேட்பாளே!

குளியாளின் கயிற்றை மச்சினன்தான் பிடிக்க வேண்டும் என்பது அந்தக் கரையில் பழைய ஏற்பாடு. கூடப்பிறந்தவள் தாலியை எவனாவது அறுப்பானா? கீழிருந்து இரண்டு இழுப்பு வந்தால் ஆளை மேலே தூக்க வேண்டும். ஏழு மாசத்துக்கு முன்னால் ஜாய்சன் அந்தக் கயிற்றைப் படகுக் கட்டையில் சுற்றிவிட்டு செல்போனில் கிரிக்கெட் பார்த்தான். ஒரே ஒரு ஓவர். கட்டை டக் டக் என்றது. அலை என்று இருந்துவிட்டான். பிறகு பதறிக் குதித்து ஒரே மூச்சில் ஆழத்துக்கு முங்கியதில் காதுதான் உடைந்தது. கயிறு வெறும் சுருக்கோடு வந்தது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

"கையிலதான் வச்சிருந்தேன் தாயி. ஒரு இழுப்புகூட வரல" என்று தங்கச்சியிடம் சொன்னான். அவள் நம்பினாள். நம்பி, அவனுக்குச் சோறு ஊட்டினாள், கைபிடித்து நடக்க வைத்தாள். பாவி மனுஷன், ஒவ்வொரு வாயையும் அழுதுதான் விழுங்கினான்.

இப்போது மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது, தண்ணீருக்குள் மூச்சு விடுகிற மாதிரி குமிழ்குமிழாக, கூடவே பாசியும் அழுகின சங்குச் சதையும் கலந்த வாடை தரையிலிருந்து ஏறி, வெயில் கொளுத்துகிற அறையில் அவன் கணுக்காலை மட்டும் சில்லிட வைத்தது. திரையில் படகு அசையவே இல்லை. ஏழு மாசத்தில் முதல்தடவையாக அவனும் ஆடாமல் நின்றான். யாரோ தோளைப் பிடித்து நிறுத்தியதுபோல் இருந்தது.

கையில் கயிறு நனைந்திருந்தது. ஜன்னலைப் பார்த்தான். முடிச்சு அங்கே இல்லை. கயிறு நேராகக் கீழே இறங்கியது. பலகைக்கு அடியில். தரைக்குள்.

"யேசுவே!" என்று அலறி விழுந்தான்.

ஜெயஷீலா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். பலகையில் ஆள் இல்லை. ஈரமாய் இரண்டு பாதத் தடம். திரையில் அறுபத்தேழு.

"அவுக எடைல்லா இது" என்றாள் மெதுவாக.

ஜாய்சன் கையில் கயிறு இழுபட்டது. ஒன்று. இரண்டு.

அவளும் பார்த்தாள். கயிற்றைப் பார்த்துவிட்டு அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கு வரவே இல்லன்னியேண்ணே?"

"வந்துச்சு தாயி" என்றான். வாய்விட்டு அழுதான். "நான் கையில பிடிக்கல."

அவள் கத்தவில்லை. கொடியில் கிடந்த இன்னாசியின் துண்டை எடுத்து, நனைந்து வருகிறவனைத் துவட்டக் கரையில் நின்று விரிப்பாளே, அப்படி இரண்டு கையாலும் விரித்தாள்.

"இழுண்ணே. அவுக கூப்புடுதாக."

இழுத்தான். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்; பன்னிரண்டு பாகம் கயிறு அது. அவனுக்கு அளவு தெரியும். பன்னிரண்டும் வந்தது. அதற்கு மேலும் வந்தது. ஈரக் கயிறு முழங்கால் உயரத்துக்குக் குவிந்தது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. நிறுத்தினால் இரண்டு இழுப்பு.

மறுமுனையில் கனம் இன்னும் இருந்தது. ஜெயஷீலா துண்டை விரித்தபடியே நின்றாள்.