மணம் போன தூள்

ஸுல்பிகா மாமி முற்றத்தில் தகரம் விரித்து எதையோ காய வைத்திருந்தார். கருவாடாக்கும் என்று எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அசனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளம் வடிந்த பிறகு சுகாதாரப் பரிசோதகர் கொடுத்த குளோரின் தூள் அது.

“மாமி, இது கிணத்துக்குப் போடுற மருந்தெல்லோ?”

“ஓம் மகள். நாளைக்கு எங்கட ரபீக்காவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டாக்கள் வாறாங்க. சர்பத்தில மருந்து மணந்தா என்ன நினைப்பாங்க? அதுதான் நாலஞ்சு நாளாக் காய வைக்கிறன். இப்ப மணமே இல்ல.”

கிணற்றின் சேற்றுத் தண்ணீரை நேற்றே இறைத்தாயிற்று. இனி மருந்துதான் பாக்கி. இரண்டு வீட்டுக்கும் அது ஒரே கிணறு. போன கிழமை அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் அசனாவின் தம்பி அன்ஸார் வயிற்றோட்டத்தில் துவண்டு போனான். இன்னும் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறான். நாளைக்கு அவனும் சர்பத் கேட்பான். அசனாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மணத்தோடு வீரியமும் போயிருந்தால்? பள்ளிச் சட்டையில் பட்ட மைக்கறையை உம்மா இந்தத் தூள் போட்டுத்தான் போக்கினார். அது நினைவுக்கு வந்ததும் அசனா மைப்போத்தலை எடுத்து வந்தாள். இரண்டு சிரட்டைகளில் தண்ணீர் விட்டு, ஒவ்வொரு துளி மை விட்டாள். ஒன்றில் காய்ந்த தூளைப் போட்டாள். மற்றதில், பரிசோதகர் கொடுத்ததில் மாமி இன்னும் திறக்காமல் வைத்திருந்த டின்னைத் திறந்து புதுத்தூள் போட்டாள்.

“மையை ஏன் வீணாக்குறாய்?” என்றபடி மாமி குனிந்தார்.

புதுத்தூள் போட்ட சிரட்டையில் நீலம் வெளிறி வெளிறிக் காணாமலே போயிற்று. காய்ந்த தூள் போட்டதில் நீலம் அப்படியே இருந்தது.

“மையையே போக்க ஏலாதது கிருமியை என்ன செய்யும், மாமி?” என்று அசனா மெதுவாகக் கேட்டாள்.

மாமி தகரத்தில் கிடந்த தூளைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப சர்பத்?”

“புதுத்தூளை இப்பவே போட்டு, விடியும் வரைக்கும் தண்ணி அள்ளாம விடுவம். மருந்துக்கும் வேலை செய்ய நேரம் வேணும். மணமும் குறைஞ்சிரும்.”

மறுநாள் மாப்பிள்ளையின் உம்மா சர்பத்தை ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார். “லேசா மருந்து மணக்குது.”

மாமியின் முகம் வெளுத்தது. ஆனாலும் சமாளித்துக்கொண்டார். “ஓம், கிணத்துக்கு மருந்து போட்டனாங்க. பயப்படாமக் குடிங்க.”

“நல்ல காரியம். எங்கட கிணறு இன்னும் சும்மா கிடக்குது. கொஞ்சம் தருவீங்களா?”

மாமி உள்ளே போய், டின்னை இறுக மூடிக் கொண்டுவந்தார். “இப்பிடியே வைங்க. வெயில்ல மட்டும் காய வச்சிராதீங்க, வீரியம் போயிரும்,” என்றார், பிறந்த நாள் முதல் அது தெரிந்தவர்போல.

அசனா சிரிப்பை அடக்கிக்கொண்டு தம்பிக்கு இன்னொரு கிளாஸ் சர்பத் ஊற்றினாள்.