கணக்கில் வராத பாடங்கள்

வெள்ளிக்கிழமை காலை. எலோய்சா தன் மாமனாருக்கு மக்காச்சோளக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ருத்திலியோ லாரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, கிளம்பாமல் அடுக்களை வாசலிலேயே நின்றான்.

"இன்னைக்கே போயாகணுமா?"

"பல்கலைக்கழகத்துல இன்னைக்குத்தானே வரச் சொல்லியிருக்காங்க."

"அப்பாவை யாரு பாத்துக்கறது?"

"பக்கத்து வீட்டு ஃபெலிசியா அக்கா வந்து இருக்கேன்னிருக்காங்க. மாத்திரை எடுத்து வச்சாச்சு. மாத்துத் துணியும் மடிச்சு வச்சாச்சு. நான் சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன்."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்க" என்று முணுமுணுத்துவிட்டு அவன் போனான். எலோய்சாவுக்குச் சுருக்கென்றது. இருபத்தைந்து வருஷ வாழ்க்கையில் தனக்கென்று அவள் ஒரு முழுப் பகலைக் கேட்டது இதுதான் முதல் தடவை. அதற்கே இந்த முகம்...

"போயிட்டு வா, மகளே" என்றார் மாமனார் அனஸ்தாசியோ. பக்கவாதம் வந்ததிலிருந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வாய் கோணி, ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். ஆனால் புத்தியில் ஒரு குறையும் இல்லை.

எலோய்சா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது பத்தொன்பது வயது. நர்ஸாக வேண்டும் என்று ஊரில் இருக்கும் இரண்டு வருஷக் கல்லூரியில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். கல்யாணமான மறு வருஷமே மாமியார் போய்விட்டார். நாத்தனார் நொயெமிக்கு அப்போது எட்டு வயது. அம்மாவைக் கேட்டு ராத்திரியெல்லாம் அழும் பிள்ளையை விட்டுவிட்டு எங்கே கல்லூரிக்குப் போவது? புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாதாம் பருப்பு தரம் பிரிக்கும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தச் சம்பளத்தில்தான் நொயெமி பல்கலைக்கழகம் போனாள், மேல்படிப்பும் முடித்தாள். அண்ணி விட்டுவிட்டு வந்த அதே கல்லூரியில், மாணவர்களுக்குப் படிப்பு பற்றி வழிகாட்டும் ஆலோசகராக வந்து உட்கார்ந்தாள்.

மகன்கள் இருவரும் வளர்ந்து, ஒருவன் கப்பற்படைக்கும் ஒருவன் அரிசோனாவில் கூரை வேலைக்கும் போன பிறகு, எலோய்சா மறுபடியும் அந்தக் கல்லூரியில் சேர்ந்தாள். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மாமனார் விழுந்தார். அப்போதும் அவள் விடவில்லை. பெரியவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்க வைத்துவிட்டு வகுப்புக்கு ஓடினாள்.

இரண்டு வருஷம் இங்கே குறைந்த கட்டணத்தில் படித்து, பாடத்துக்குப் பாடம் வாங்கிய கிரெடிட்டுகளைப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொண்டால் நேரே மூன்றாம் வருஷத்தில் சேர்ந்துவிடலாம். ஆனால் எல்லாப் பாடமும் மாறிப் போகாது. உயிரியல் என்றால் அதிலேயே இரண்டு வகை. ஒன்றைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளும். மற்றது, சின்னச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களுக்கானது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆலோசகர்தான் சொல்ல வேண்டும்.

"அண்ணி, நீங்க எதையும் யோசிக்காதீங்க. எந்தப் பாடம் எடுக்கணும்னு நான் பாத்துக்கறேன்" என்று நொயெமி சொல்லியிருந்தாள். வளர்த்த பிள்ளை சொல்கிறாள், பிறகென்ன?

எலோய்சா பஸ் பிடித்துப் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தாள். சேர்க்கை அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி கணினித் திரையைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"உயிரியல்ல நீங்க எடுத்தது சான்றிதழ் படிப்புக்கானதும்மா. வேதியியலும் அப்படித்தான். கணக்கும் நாங்க ஏத்துக்கற வகை இல்ல."

"நான் எல்லாத்துலயும் முதல் கிரேடு வாங்கியிருக்கேனே..."

"உங்க மார்க்ல ஒரு குறையும் இல்ல. பாடம்தான் வேற. இந்த மூணும் இல்லாம நர்ஸிங்ல இடம் குடுக்க முடியாது. முதல்லேருந்து எடுக்கணும்." அந்தப் பெண்மணி தயங்கினாள். "உங்க ஆலோசகர் சொல்லலியா?"

எலோய்சா எழுந்து வெளியே வந்தாள். நடைவழியில் மாய் சீ நின்றிருந்தாள். அவளோடு ஆங்கில வகுப்பில் ஒன்றாக உட்கார்ந்தவள், அகதிகளாக வந்து குடியேறிய மோங் இனக் குடும்பத்துப் பெண். கண்ணெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள்.

"அக்கா, எனக்கு இடம் கிடைச்சிருச்சு. உங்களுக்கு?"

எலோய்சா நடந்ததைச் சொன்னாள். மாய் சீயின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்த உயிரியலா எடுத்தீங்க? நானும் அதைத்தான் எடுக்கப் போனேன். நொயெமி மேடம் தடுத்துட்டாங்களே. நர்ஸிங் போறவங்க அந்தப் பக்கமே எட்டிப் பாக்கக் கூடாதுன்னாங்க."

"எப்போ சொன்னா?"

"முதல் பருவம் முடியறப்போவே. நான் வெளிய வந்தேன், நீங்க உள்ள போனீங்க. அதே காலையிலதான் அக்கா."

அதே காலை. அதே நாற்காலி.

திரும்பி வரும் பஸ்ஸில் எலோய்சா நொயெமிக்காகத் தனக்குள்ளேயே வாதாடிக்கொண்டு வந்தாள். அன்றைக்குக் கூட்டமாக இருந்திருக்கும்... தலைவலியாக இருந்திருக்கும்... கைதவறி நடந்திருக்கும். வீடு வந்து சேரும்போது பாதி நம்பியும் விட்டிருந்தாள்.

சாயங்காலம் ருத்திலியோ வந்தான். கை கழுவினான். சாப்பிட உட்கார்ந்தான்.

"அப்பா சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டார்."

ரொட்டியைக் கிள்ளி, வேகவைத்த அவரைக் கொட்டையில் தொட்டுச் சாப்பிட்டான். டயர் மாற்ற வேண்டும் என்றான். பழத்தோட்டங்களில் தண்ணீர் போதவில்லை என்றான். பல்கலைக்கழகம் என்ற சொல் மட்டும் அவன் வாயிலிருந்து வரவே இல்லை. அவள் கடைக்குப் போய்விட்டு வந்தால்கூட என்ன வாங்கினாய் என்று கேட்கிற மனுஷன், போன காரியம் என்னாயிற்று என்று கேட்கவில்லை.

கேட்கத் தேவையில்லை. அவனுக்குத் தெரியும்.

எலோய்சா எழுந்தாள். தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். அன்றும் மறுநாளும் ஒன்றும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து நொயெமி இனிப்பு ரொட்டிப் பையோடு வந்தாள். ஞாயிறென்றால் அண்ணி வைக்கும் குடல் சூப்பு இல்லாமல் அவளுக்கு ஆகாது.

"வாசம் தெருமுனை வரைக்கும் வருது அண்ணி" என்றபடி உட்கார்ந்தாள். பெரியவர் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். எலோய்சா எல்லோருக்கும் ஊற்றி வைத்தாள். தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை.

"மாய் சீயைப் பாத்தேன்" என்றாள்.

நொயெமியின் கரண்டி பாதியில் நின்றது.

"அவளுக்கு ஒரு பாடம் சொல்லியிருக்க. அடுத்த நிமிஷம் எனக்கு வேற பாடம் சொல்லியிருக்க. தெரியாம நடந்துச்சுன்னு சொல்லு, நொயெமி. சொல்லிடு. நான் நம்பிடறேன்."

நொயெமி கரண்டியைக் கீழே வைத்தாள். மெதுவாகத் தலையைத் திருப்பி அண்ணனைப் பார்த்தாள்.

"அவரைப் பாக்காத. என்னைப் பாரு."

"அண்ணி... அப்பா விழுந்த புதுசு. அண்ணன் என் ஆபீசுக்கே வந்து அழுதாரு. நீங்க நர்ஸாகி வேற ஊருக்குப் போயிட்டா இந்த வீடு அவ்வளவுதான்னாரு. நிறுத்தச் சொல்லல... கொஞ்சம் தள்ளிப் போனா போதும்னாரு. ஒரு ரெண்டு வருஷம். அதுக்குள்ள அப்பா..."

"அதுக்குள்ள அப்பா?"

ஜன்னலோரத்திலிருந்து அந்தக் கோணல் வாய் பேசியது.

"நான் செத்துடுவேன்னு நினைச்சீங்க."

"அப்பா, அப்படி இல்லப்பா" என்று நொயெமி முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

ருத்திலியோ நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். "நான்தான் செய்யச் சொன்னேன். அவளைத் திட்டாத. உன்கிட்ட நேரா சொன்னா நீ கேக்கவா போற?"

"கேட்டிருப்பேன்" என்றாள் எலோய்சா.

அவள் குரல் உயரவில்லை. அவன் மறுபடியும் உட்கார்ந்தான்.

"அதுதாங்க எனக்கு ஆறவே மாட்டேங்குது. 'போகாத, எங்களுக்கு நீ வேணும்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பேன். எப்பவும் நின்னவதானே நான். உங்க தங்கச்சிக்காக நின்னேன், பசங்களுக்காக நின்னேன், மாமாவுக்காகவும் நின்னிருப்பேன். நீங்க கேக்கல. போறேன் போறேன்னு என்னை நம்ப வச்சீங்க. நான் கண்ணு எரிய உக்காந்து படிச்சப்போ காபி போட்டுக் கொண்டாந்து வச்சீங்களே... அந்தப் படிப்பு எங்கயும் போய்ச் சேராதுன்னு தெரிஞ்சுக்கிட்டேதானே வச்சீங்க?"

ருத்திலியோ தரையைப் பார்த்தான்.

அவள் நொயெமியின் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் அவள் கண்ணில் நீர் வந்தது. "உங்க அண்ணன் பயந்துட்டாரு, விடு. நீ எப்படிம்மா செஞ்ச? நீ அந்த நாற்காலியில உக்காரணும்னுதானே நான் ஆலையில நின்னேன். அதுல உக்காந்துக்கிட்டு என் முகத்தைப் பாத்துச் சிரிச்சியே..."

"அண்ணி, என்னை அடிச்சுடுங்க."

"அடிச்சா உனக்கு லேசாயிடும். அடிக்க மாட்டேன்."

பெரியவர் இடது கையால் நாற்காலிச் சக்கரத்தைத் தட்டினார். "நொயெமி, என் துணிமணியை எடுத்து வை."

"எதுக்குப்பா?"

"உன் வீட்டுக்கு வர்றேன். என்னைக் காட்டித்தானே இவளைக் கட்டிப் போட்டீங்க? இனிமே நீயே வச்சுப் பாரு."

"அப்பா, அவ வேலைக்குப் போறவ" என்று ருத்திலியோ தொடங்கினான்.

"இவ படிக்கப் போனவ."

நொயெமி எழுந்து துணிமணியை எடுக்க உள்ளே போனாள். எலோய்சா மாமனாரின் காலடியில் உட்கார்ந்து செருப்பை மாட்டிவிட்டாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். "எனக்குத் தெரியாது, மகளே."

"தெரியும் மாமா. உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்."

மறுநாள் நொயெமி தன் மேலதிகாரியின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். பிறகு பல்கலைக்கழகத்துக்கே போய், அண்ணியின் பெயரைச் சொல்லி, "இவங்க தப்பு ஒண்ணும் இல்ல. தெரிஞ்சேதான் நான் தப்பா சொன்னேன்" என்றாள். கல்லூரியில் அவளை ஆலோசகர் வேலையிலிருந்து எடுத்து, பின்னறையில் கோப்பு அடுக்கும் வேலையில் போட்டார்கள். இதையெல்லாம் அவள் அண்ணியிடம் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்துப் பெண்மணி போன் செய்தபோதுதான் எலோய்சாவுக்குத் தெரிந்தது. அவளுக்காக ஒரு இடத்தை ஒரு வருஷம் வைத்திருப்பார்கள். அதற்குள் அந்த மூன்று பாடங்களையும் சரியான வகையில் முடிக்க வேண்டும்.

ஒரு வருஷம். திருடப்பட்டதில் பாதியாவது திரும்பி வந்தது.

இந்தத் தடவை எந்தப் பாடம் என்று அவள் யாரையும் நம்பிக் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கே போய் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்துதான் சேர்ந்தாள்.

நொயெமி அடிக்கடி போன் செய்வாள். "அண்ணி, அப்பா குளிக்க மாட்டேங்கறாரு."

"முதல்ல இடது கையில தண்ணியை ஊத்து. சூடு அவருக்கு அந்தப் பக்கம்தான் தெரியும். அப்புறம் ஒண்ணும் சொல்ல மாட்டார்." அவ்வளவுதான். வேறு பேச்சு வருவதற்குள் எலோய்சா வைத்துவிடுவாள்.

ஒரு நாள் நொயெமி நேரில் வந்தாள். இளைத்துப் போயிருந்தாள், தலை சீவக்கூட இல்லை. வேதியியல் படித்துக்கொண்டிருந்த அண்ணியின் எதிரில் உட்கார்ந்தாள். "இதையெல்லாம் செஞ்சுக்கிட்டு எப்படி அண்ணி படிச்சீங்க?"

எலோய்சா பக்கத்தைப் புரட்டினாள். "போய்ச் சேருவோம்னு நினைச்சுப் படிச்சேன்."

நொயெமி எழுந்து, அடுக்களையில் கிடந்த பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

ருத்திலியோவும் தவித்தான். தானே அவரைக் கொட்டை வேகவைக்கத் தொடங்கினான். ஒரு நாள் தீய்ந்தது, ஒரு நாள் வேகவில்லை. ஒரு காலையில் லாரியில் ஏறப் போனவன் இறங்கி வந்தான்.

"நீ போனா திரும்பி வரமாட்டியோன்னு பயந்துட்டேன், எலோய்சா. அதான்..."

"இப்போ பயம் போயிடுச்சா?"

"இல்ல."

"அந்தப் பயத்தோடயே கொஞ்ச நாள் இருங்க. நானும் அப்படித்தான் இருக்கேன், இந்த வீட்டுல என்ன நடக்குதுன்னு தெரிஞ்ச நாள்லேருந்து." சிறிது பொறுத்து, "ஆகஸ்ட்லேருந்து அங்கயே தங்கிப் படிக்கப் போறேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வருவேன். மாமாவைப் பாக்க வருவேன்" என்றாள். உங்களைப் பார்க்க என்று சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

மூன்று பாடங்களும் முடிந்தன. மூன்றையும் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது.

ஆகஸ்டில் அவளைக் கொண்டுபோய் விட நொயெமிதான் கார் எடுத்து வந்தாள். வழி நெடுக பாதாம் தோப்புகள் வந்து போயின. பல்கலைக்கழக வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கிலிருந்து கைகளை எடுக்காமல் நொயெமி கேட்டாள்:

"அண்ணி, என்னை மன்னிச்சிட்டீங்களா?"

எலோய்சா பொய் சொல்லப் பழகியவள் இல்லை. "இன்னும் இல்ல. உன்னைப் பாக்கறப்போ எல்லாம் அந்த நாற்காலிதான் ஞாபகம் வருது. என்னைக்கு வரலியோ அன்னைக்கு நானே சொல்றேன். அதுவரைக்கும் நீ வந்து போயிட்டு இரு. வராம மட்டும் இருந்துடாத."

நொயெமி கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் பெட்டியை எடுத்தாள்.

உள்ளே சேர்க்கை மேசையில் ஒரு இளைஞன் உட்கார்ந்திருந்தான். பெயர், முகவரி, பிறந்த நாள் எல்லாம் கேட்டுக் கணினியில் தட்டிக்கொண்டே வந்தான்.

"உங்களுக்கு உடம்புக்கு ஏதாவதுன்னா, யாரைக் கூப்பிடணும்?"

கணவன் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. எலோய்சா அதை விழுங்கிவிட்டு ஒரு கணம் யோசித்தாள். பின்னால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

"நொயெமி" என்றாள்.

"என்ன உறவு?"

நாத்தனார் என்றுதான் சொல்ல வாயெடுத்தாள். அது வரவில்லை.

"மகள்" என்றாள்.

அவன் தட்டிக்கொண்டான். பின்னால் பெட்டி தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டு கைகள் அவள் தோளைச் சுற்றி வந்தன. ஈரமான ஒரு கன்னம் அவள் முதுகில் பதிந்தது. எலோய்சா திரும்பவில்லை. அந்தக் கைகளை விலக்கவும் இல்லை. அடுத்த கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினாள்.